மேத்ஜாக்ஸ் 3 நீட்சிகள்: தானாக வரட்டுமா, கேட்டு வாங்கவா, முன்பே ஏற்றவா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் டியூஷன் சென்டர் நடத்துபவர்கள் பிளஸ் டூ பயிற்சித்தாளை வலைப்பக்கமாகப் போட்டால், பிள்ளைகள் அதைத் திறப்பது போனில்தான். கணக்குக் குறிகளை வலைப்பக்கத்தில் சரியாகக் காட்டும் நிரல்தான் மேத்ஜாக்ஸ். அதற்குக் கூடுதல் வசதி தரும் கோப்புகளே நீட்சிகள். கணக்குத் தாளில் வேதிச் சமன்பாடு எப்போதோ ஒன்று வரும். அதற்காக, வேதிச் சமன்பாடு எழுத உதவும் எம்ஹெச்கெம் நீட்சியை எல்லாப் பக்கத்திலும் சுமக்க வேண்டியதில்லை.

மேத்ஜாக்ஸின் 'டெக்ஸ்-சிஹெச்டிஎம்எல்' கோப்பிலேயே, தேவைப்படும் நீட்சியைத் தானாகக் கொண்டுவரும் ஆட்டோலோடு உண்டு. மணலி உர ஆலையில் நடக்கும் அமோனியா வினையை \சிஇ கட்டளையில் எழுதினால் போதும். அந்தக் கட்டளையைக் கண்டதும் எம்ஹெச்கெம் இறங்கிவிடும். எங்கள் ஓட்டு இதற்கே. சிக்கல் எல்லாம், பக்கம் திறந்தபின் ஸ்கிரிப்ட் வழியாகக் கேள்விகளைச் சேர்க்கும்போதுதான். புதிய கணக்குகளை வடிவமைக்கச் சொல்லும் 'டைப்செட்' காத்திருக்காது, நீட்சி இன்னும் இறங்கவில்லை என்றால் 'மேத்ஜாக்ஸ் ரீட்ரை' என்ற பிழையோடு நின்றுவிடும். அதற்குப் பதில், நீட்சி இறங்கும்வரை காத்திருக்கும் 'டைப்செட்பிராமிஸ்' போடுங்கள், ஒன்று முடிந்தபின் அடுத்ததை அழையுங்கள்.

சொந்த சர்வரில் வைப்பவர்கள் 'டெக்ஸ்-சிஹெச்டிஎம்எல்' கோப்பை மட்டும் நகலெடுத்தால் நீட்சிக்கு 404 வரும். 'இஎஸ்5' ஃபோல்டர் முழுவதும் வேண்டும்.

கேட்டு வாங்கும் வழி \ரிக்வயர். இந்தக் கட்டளையை ஆசிரியரே கணிதக் குறிகளுக்குள் எழுத வேண்டும். ஒருமுறை எழுதினால் அந்தப் பக்கத்தில் அதற்குப் பின்வரும் கணக்குகளுக்கும் பொருந்தும். மாணவர்களும் எழுதும் பக்கம் என்றால் \ரிக்வயர் எதையும் ஏற்றலாமா என்று சொல்லும் 'டிஃபால்ட்அலவ்' மதிப்பை ஃபால்ஸ் ஆக்கி, தேவையான நீட்சிகளை மட்டும் அனுமதியுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது: இணைப்பு வைக்கும் \ஹெச்ரெஃப் கட்டளை வந்தால் ஆட்டோலோடே ஹெச்டிஎம்எல் நீட்சியைக் கொண்டுவந்துவிடும். ஆபத்தான இணைப்புகளைத் தடுக்கும் 'சேஃப்' நீட்சியும் தேவை.

முன்பே ஏற்றுவதென்றால் மேத்ஜாக்ஸ் அமைப்பில் இரண்டு இடத்தில் நீட்சியின் பெயரை எழுத வேண்டும்: லோடரின் 'லோடு' பட்டியல், டெக்ஸின் 'பேக்கேஜஸ்' பட்டியல். இரண்டாவதை மறந்தால் கோப்பு இறங்கியிருக்கும், கட்டளை வேலை செய்யாது. வேதியியல் மட்டுமே உள்ள தளத்துக்கு இது சரி. ஃபிசிக்ஸ் நீட்சியை ஆட்டோலோடு தானாகத் தொடாது, காரணத்தோடுதான்: வழக்கமான கட்டளைகளை அது மாற்றிவிடும். \டிவ் என்றால் ÷ வராது, ∇· வரும்! ஆறாம் வகுப்பு வகுத்தல் கணக்கு இருக்கும் பக்கத்தில் அதை ஏற்றாதீர்கள்.

மேத்ஜாக்ஸ் போலவே கணக்கைக் காட்டும் இன்னொரு நிரலான கேடெக்ஸில் தானாக இறங்கும் வசதி கிடையாது. எம்ஹெச்கெம் ஸ்கிரிப்டை கேடெக்ஸுக்குப் பின், பக்கத்தில் உள்ள கணக்குகளைத் தேடி வடிவமைக்கும் ஆட்டோ-ரெண்டருக்கு முன் வையுங்கள். மூன்று ஸ்கிரிப்டுக்கும் 'டிஃபர்' போட்டால் வரிசை குலையாது, 'ஏசிங்க்' போட்டால் குலையும்.