பால் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒத்தடமா, ஐஸா?

பிரசவமாகி மூன்று நாலு நாளில் இரண்டு மார்பும் இறுகிக் கனத்து, சேலை பட்டாலே வலிக்கும். அந்த நேரம் பார்த்து ஆளுக்கொரு வைத்தியம் வரும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நன்றாக நீவிவிடச் சொல்வார் அம்மா. பம்ப் வாங்கிச் சுத்தமாக எடுத்துவிடச் சொல்வார் அக்கா. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்வார் பெரியம்மா. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இவற்றில் சில வலியைக் குறைக்கும், சில கூட்டும், ஒன்று பாலையே நிறுத்திவிடும்.

முதலில் சூடும் குளிர்ச்சியும். அந்த இறுக்கம் முழுக்கப் பாலால் வருவதில்லை. பால் ஊறத் தொடங்கும்போது மார்புக்கு ரத்த ஓட்டம் கூடும், திசுக்களில் நீர் கோக்கும். அதாவது பாதி விஷயம் வீக்கம். சூடு ரத்தக் குழாய்களை விரிப்பதால் வீக்கத்துக்கு வழிவிடுகிறது. கொடுக்கும் நேரத்தில் இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகும். ஐஸ் வீக்கத்தை வற்றவைக்கும். ஐஸ் கட்டிகளை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, பால் கொடுத்து முடித்தபின் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் போதும். வேண்டுமானால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் நேரடியாக வைக்கக் கூடாது.

'பிள்ளை பெற்ற உடம்பில் குளிர்ச்சி பட்டால் ஜன்னி கண்டுவிடும்' என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அந்தக் காலத்தில் பிரசவத்துக்குப் பின் வந்து உயிரைக் குடித்த ஜன்னி, கர்ப்பப்பையில் ஏறிய கிருமியால் வந்தது. குளிர்ச்சியால் வந்ததல்ல. மார்பின் மேல் ஐஸ் வைத்தால் பால் குளிர்ந்து குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் உண்மையில்லை.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. சூடு வை, அழுத்தி நீவு, காலி செய் என்றுதான் டாக்டர்களும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022-ல் தன் வழிகாட்டுதலை மாற்றி எழுதியது. அழுத்தி நீவாதே, தேவைக்கு மேல் பீய்ச்சாதே, குளிர்ச்சி வை, குழந்தை கேட்கிறபடி கொடு என்பதே அதன் சாரம். சுளுக்கி வீங்கிய கணுக்காலை யாரும் கட்டைவிரலால் அழுத்திப் பிசைவதில்லையே. மார்பில் மட்டும் எண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு பிசைகிறோம். உள்ளே திசு நசுங்கிப் புண்ணாகி வீக்கம் இன்னும் ஏறும். தடவ வேண்டுமென்றால் தோலை மட்டும் நகர்த்துகிற அளவுக்கு, அக்குளை நோக்கி மெதுவாகத் தடவலாம்.

பம்ப்புக்கும் குழந்தைக்கும் போட்டி வைத்தால், என் ஓட்டு குழந்தைக்குத்தான். மார்பு கணக்குப் பார்த்துச் சுரக்கிறது. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு ஊறும். வலிக்கிறதே என்று பம்ப் போட்டுக் கடைசிச் சொட்டுவரை எடுத்தால், அடுத்த வேளைக்கு இன்னும் அதிகம் ஊறி இன்னும் இறுகும். குழந்தை இன்குபேட்டரில் இருந்தாலோ, மார்பில் வாய் வைக்கவே முடியாவிட்டாலோ பம்ப் அவசியம்தான். மற்றபடி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் இறுகிக் குழந்தைக்கு வாய் பிடிபடவில்லை என்றால், விரல் நுனிகளைக் காம்பின் அடியில் சுற்றிலும் வைத்து நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். கையாலேயே கொஞ்சம் பீய்ச்சினால் அந்த இடம் இளகும். உடனே குழந்தையைப் போடலாம்.

முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து வைப்பதால் வலி கொஞ்சம் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆதாரம் வலுவானதல்ல, கெடுதலும் இல்லை. மல்லிகைப்பூ விஷயம் வேறு. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் மல்லிகைப்பூவையும், பாலை நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பால் சுரப்பை அடக்குவதில் பூவும் மாத்திரைக்கு ஈடாகவே வேலை செய்தது. குழந்தையை இழந்த தாய்க்குப் பால் கட்டி வேதனைப்படும்போது இது பெரிய உதவி. பால் கொடுத்துக்கொண்டிருப்பவர் வலிக்காகப் பூ வைத்துக் கட்டினால் பால் குறைந்துபோகும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் பால் கொடுக்கும்போது போடக்கூடியவை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பிரசவ நேர ரத்த அழுத்தம் இருந்தவர்கள் மட்டும் ஐபுப்ரோஃபெனுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்கிப் போடுவது தப்பு. வீக்கம் எல்லாமே கிருமித் தொற்றாக இருப்பதில்லை.

எப்போது தொற்று என்று சந்தேகிப்பது? பால் கட்டு பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே மார்பில் ஒரு பகுதி மட்டும் சிவந்து சுட்டு, காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்தால் கவனம் தேவை. மேலே சொன்னதெல்லாம் செய்தும் 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். குளிர் நடுக்கம், படபடப்பு, வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பிரசவமான புதிதில் வரும் காய்ச்சலுக்கு மார்புதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டுவதும் ஆபத்து, அது கர்ப்பப்பையிலிருந்தும் வரலாம்.

கட்டி ஒரே இடத்தில் நின்று, தொட்டால் உள்ளே நீர் தளும்புகிறாற்போல் இருந்தால் சீழ் கோத்திருக்கலாம். அதற்கு ஐஸும் இல்லை, பூவும் இல்லை. ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். பல சமயம் கத்தி வைக்கவே தேவைப்படாது.

ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்தும் சிவப்பு போகவில்லை, காய்ச்சல் இல்லாமலே தோல் குழி குழியாகத் தடிக்கிறது, காம்பு உள்ளிழுக்கிறது, கட்டி இரண்டு வாரமாகக் கரையவில்லை என்றால் 'பால் கட்டிதான்' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பால் கொடுக்கும் காலத்திலும், அரிதாக, மார்பகப் புற்றுநோய் வரும். அது பால் கட்டு என்ற பெயரில் மறைந்து நாள் கடந்துவிடுவதுதான் கொடுமை. அல்ட்ராசவுண்ட், மாமோகிராம், ஊசிப் பரிசோதனை மூன்றையும் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். இவற்றுக்காகக் குழந்தையைப் பால் மறக்கடிக்க வேண்டியதில்லை. மாமோகிராமுக்குப் போகுமுன் பால் கொடுத்துவிட்டுப் போனால் வலி குறையும், படமும் தெளிவாக வரும்.