புதிய உலாவி, புதிய அஞ்சல் நிரல்: எதைப் பார்த்து மாறுவது?

உலாவியை மாற்றுவதையும் மின்னஞ்சல் நிரலை மாற்றுவதையும் ஒரே வேலையாக எண்ணி, ஒரே மாலையில் இரண்டையும் முடித்துவிட நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டின் தன்மையும் வேறு. உலாவியில் நமக்கென்று இருப்பவை புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், பார்த்த பக்கங்களின் வரலாறு, கூடுதல் வசதிக்காக நாம் சேர்த்துக்கொண்ட சில நீட்டிப்புகள். இவற்றில் பெரும்பகுதியைப் புதிய உலாவியே பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மறுநாளே திரும்பிவிடலாம். அஞ்சல் நிரலில் இருப்பதோ பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்து. அது எந்தக் கோப்பு வடிவில், யாருடைய கணினியில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே பிற்பாடு அதை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பது தீர்மானமாகிறது. உலாவியை விருப்பத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம், அஞ்சல் நிரலை மட்டும் வெளியேறும் வழியைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நோக்கில்தான் இங்கே இவற்றை ஒப்பிடுகிறேன்.

உலாவிகளின் பெயர்கள் பல என்றாலும், பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின்கள் மூன்றுதான் பரவலான புழக்கத்தில் உள்ளன. குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா ஆகிய ஐந்தும் குரோமியம் என்ற பொதுவான திறமூல அடித்தளத்தின் மேல், பிளிங்க் எஞ்சினோடு ஓடுகின்றன. ஓப்பரா 2013-இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2020 ஜனவரியில் எட்ஜை இதே அடித்தளத்துக்கு மாற்றிவிட்டது. சஃபாரி வெப்கிட்டிலும், பயர்பாக்ஸ் கெக்கோவிலும் இயங்குகின்றன. (பிளிங்க் என்பதே 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்த கிளைதான்.) ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்குப் போகிறவர், நம் தகவல்களைக் கையாளும் நிறுவனத்தையும் மேல்தோற்றத்தையும் மாற்றுகிறாரே தவிர, உள்ளே ஓடும் இயந்திரத்தை மாற்றவில்லை.

இயந்திரம் ஏன் முக்கியம் என்பதற்கு விளம்பரத் தடுப்பு நீட்டிப்புகளின் கதையே போதும். குரோமின் நீட்டிப்பு விதிமுறையின் மூன்றாம் பதிப்பில், பக்கத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்டிப்பு இடைமறித்துத் தடுக்கும் உரிமை பறிக்கப்பட்டது. எவற்றைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியலை நீட்டிப்பு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையை உலாவியே செய்துகொள்ளும். இதனால் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பின் முழுமையான வடிவம் குரோமில் செயலிழந்து, திறன் குறைந்த லைட் வடிவம் மட்டுமே எஞ்சியது. குரோமியத்தின் மேல் கட்டப்பட்ட உலாவிகள் இத்தகைய முடிவுகளைச் சிறிது காலம் தள்ளிப்போடலாம். நெடுநாள் எதிர்த்து நிற்பது அவற்றுக்குப் பெருஞ்செலவு. பிரேவ் தன் தடுப்பானை நீட்டிப்பாக வைக்காமல் உலாவிக்குள்ளேயே கட்டியிருப்பதால் இந்த மாற்றம் அதை அதிகம் தொடவில்லை. அதற்கு ஈடாக, கிரிப்டோ பணப்பை, வெகுமதித் திட்டம் போன்ற, பலருக்குத் தேவையற்ற பொத்தான்களை முதல் நாளே ஒவ்வொன்றாக அணைத்துவைக்க வேண்டியிருக்கிறது.

பயர்பாக்ஸ் பழைய இடைமறிப்பு உரிமையையும் புதிய முறையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒரே தளத்தில் இரண்டு கணக்குகளை இரண்டு தாவல்களில் ஒன்றோடொன்று கலக்காமல் திறந்துவைக்க உதவும் கண்டெய்னர் வசதி அதற்கே உரிய பலம். அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் வைத்திருப்பவர்கள் ஒருமுறை பழகிவிட்டால் விடமாட்டார்கள். ஒவ்வொரு தளமும் நம்மை அடையாளம் காண உலாவியில் விட்டுவைக்கும் குக்கீ என்ற சிறு குறிப்பைத் தனிப்பெட்டியில் அடைக்கும் பாதுகாப்பு 2022 முதல் எல்லோருக்கும் இயல்பாகவே இயங்குகிறது. குறைகளும் உண்டு. சில அலுவலக வலைச்செயலிகள் குரோமியத்தில் மட்டுமே சோதிக்கப்படுவதால் பயர்பாக்ஸில் தடுமாறுகின்றன. அதோடு, பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகிளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்குக் கிடைக்கும் தொகையே என்பதால், கூகிளுக்கு மாற்றாக நிற்கும் உலாவி கூகிளின் பணத்தில் நிற்கிறது என்ற முரணும் இருக்கிறது. இருந்தும், என் தேர்வு பயர்பாக்ஸ்தான். தடுமாறும் தளங்களுக்கென்று குரோமியம் வகை உலாவி ஒன்றை ஓரமாக வைத்துக்கொண்டால் போதும். ஆப்பிள் கருவிகளை மட்டுமே பயன்படுத்துபவருக்குச் சஃபாரி போதுமானது. அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு கருவி வந்துவிட்டால் அது அங்கே கிடைக்காது.

மாறும்போது ஒரு கவனம் தேவை. சேமித்த கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்தால், அந்தக் கோப்பில் தளத்தின் முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றும் எவரும் வாசிக்கக்கூடிய வெற்றுரையாக, காற்புள்ளியிட்டு வரிவரியாக இருக்கும். இறக்குமதி முடிந்ததும் அதைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ கருவியின் பூட்டு எண்ணாலோ நுழையவைக்கும் பாஸ்கீக்கள் அந்தக் கோப்பில் வருவதில்லை. எந்தெந்தத் தளங்களில் கடவுச்சொல்லே இல்லாமல் பாஸ்கீயால் நுழைகிறோம் என்று பார்த்து, பழைய உலாவியை நீக்குமுன் புதியதிலும் அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அஞ்சல் நிரலுக்கு வருவோம். இங்கே நிரலின் பெயரைவிட முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது சர்வரோடு ஐமேப் முறையில் பேசுகிறதா, பாப் முறையில் பேசுகிறதா என்பது. ஐமேப்பில் மூலக்கடிதம் சர்வரிலேயே இருக்கும், கணினியும் கைபேசியும் அதன் பிரதியைக் காட்டும். பாப் முறையோ கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, அமைப்பைப் பொறுத்துச் சர்வரில் இருப்பதை அழித்துவிடும். தண்டர்பேர்டு என்ற இலவச அஞ்சல் நிரலில் பாப் கணக்கு ஒன்றை உருவாக்கினால், ‘கடிதங்களைச் சர்வரில் விட்டுவை’ என்ற தேர்வுக்குக் கீழேயே ‘அதிகபட்சம் 14 நாட்கள்’ என்ற தேர்வும் இயல்பாகவே குறியிடப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காதவர் இரண்டு வாரம் கழித்துக் கைபேசியில் பழைய கடிதங்களைக் காணாமல் திகைத்து, புதிய நிரல் கடிதங்களை விழுங்கிவிட்டது என்று குறைகூறுவார். நிரல் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. பல கருவிகளில் அஞ்சல் பார்ப்பவர் ஐமேப்பை விட்டு விலக வேண்டிய காரணம் அநேகமாக இல்லை.

கணக்கைச் சேர்க்கும்போது வரும் இன்னொரு சிக்கல், கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைய முடியாமல் போவது. கூகிள் 2022-இலும், தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024-இலும், கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து வெளி நிரல்கள் நுழையும் பழைய வழியை மூடிவிட்டன. இப்போது நிரல் ஒரு சிறு சாளரத்தைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பக்கத்திலேயே நம்மை நுழையவைத்து, அங்கிருந்து அனுமதிச்சீட்டு ஒன்றைப் பெறுகிறது. ஓஆத் எனப்படும் இந்த முறை தெரியாத பழைய நிரல்களை எவ்வளவு விரும்பினாலும் அந்தக் கணக்குகளுக்கு நேரடியாக வைத்துக்கொள்ள இயலாது. ஜிமெயிலில் மட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் பெறும் மாற்றுவழி உள்ளது.

இனி நிரல்களை நேருக்கு நேர் வைக்கலாம். தண்டர்பேர்டு 2004 டிசம்பரில் முதல் பதிப்பாக வந்தது; 2020-இல் ஓபன்பிஜிபி மறையாக்கம் அதன் உள்ளேயே சேர்ந்தது; 2023-இல் 115-ஆம் பதிப்போடு முகப்பு புதுக்கட்டமைப்புப் பெற்றது; கே-9 மெயில் என்ற அஞ்சல் செயலியை அடித்தளமாகக் கொண்ட ஆண்ட்ராய்டு வடிவம் 2024-இல் வெளியானது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் சேமிப்பு முறை. இயல்பு அமைப்பில் ஒவ்வொரு அஞ்சல் கோப்புறையும் எம்பாக்ஸ் என்ற வடிவில் ஒரே கோப்பாகக் கிடக்கிறது. அதைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்தால், கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தலைப்புவரிகளோடு அப்படியே தெரியும். பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் சிறு கோப்பு வெறும் அட்டவணை. பட்டியல் குழம்பினால் அதை அழித்தாலும் தண்டர்பேர்டு மறுபடி உருவாக்கிக்கொள்ளும். இந்த வடிவத்தைப் படிக்கத் தெரிந்த நிரல்கள் பல என்பதால், தண்டர்பேர்டே நின்றுபோனாலும் கடிதங்கள் நம் கையில் இருக்கும்.

இதே முறையின் தொல்லையையும் சொல்ல வேண்டும். கடிதத்தை அழித்தாலும் கோப்பின் அளவு உடனே குறையாது. ‘அழிக்கப்பட்டது’ என்ற குறி மட்டும் விழும், கோப்புறையைச் சுருக்கும் கட்டளை ஓடும்போதுதான் இடம் மீளும். ஒரே இன்பாக்ஸில் எல்லாவற்றையும் குவித்துவைப்பவர்களின் கோப்பு சில ஜிபி அளவுக்கு வீங்கி, சுருக்கும் நேரத்தில் நிரல் மந்தமாகிவிடும். ஆண்டுவாரியாகக் கோப்புறை பிரித்துவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

விண்டோஸில் வரும் புதிய அவுட்லுக் பார்வைக்கு இலகுவானது, நாட்காட்டியோடு நன்றாக இணைந்தது, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அலுவலகம் நடத்துபவருக்கு வசதியானது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அல்லாத ஓர் ஐமேப் கணக்கை அதில் சேர்த்தால், அந்த அஞ்சல்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் சர்வரில் ஒத்திசைக்கப்படுகிறது. சேர்க்கும்போது ஓர் அறிவிப்பு வருகிறது. பலர் அதைப் படிக்காமல் ‘தொடர்க’ அழுத்திவிடுகிறார்கள். வேறு நிறுவனத்தில் அஞ்சல் வைத்திருப்பதே மைக்ரோசாஃப்டிடம் கொடுக்க வேண்டாம் என்பதற்காக என்றால், இந்த நிரல் அந்த நோக்கத்தையே அடித்துவிடுகிறது. இலவச வடிவில் அஞ்சல் பட்டியலுக்குள் விளம்பரமும் வரும். பழைய அவுட்லுக் இந்த வகையில் மேல். ஆனால் அது கடிதங்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து பார்க்க முடியாது, அதிலிருந்து தண்டர்பேர்டுக்கு நேரடியாக இறக்குமதி செய்ய அதே கணினியில் பழைய அவுட்லுக்கும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

உலாவியும் அஞ்சலும் ஒரே சாளரத்தில் வேண்டும் என்பவருக்கு விவால்டி இருக்கிறது. ஓப்பராவை நிறுவியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் தொடங்கிய நிறுவனம் இது. அதன் அஞ்சல் பகுதி 2022-இல் முதல் பதிப்பாக வந்தது. எல்லாக் கணக்குகளின் கடிதங்களையும் ஒரே அட்டவணையில் தேடுவது, ஒரே கடிதத்தைப் பல பார்வைகளில் காட்டுவது, தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் செய்தியோடையையும் அங்கேயே படிப்பது ஆகியவற்றில் தண்டர்பேர்டைவிட இது சுறுசுறுப்பானது என்பேன். ஆனால் உலாவி பிடிக்காமல் போகும் நாளில் அஞ்சலையும் சேர்த்தே தூக்க வேண்டிவரும். ஐமேப் மட்டும் பயன்படுத்துபவருக்கு மூலம் சர்வரில் இருப்பதால் இது பெரிய இழப்பில்லை. பாப் முறையில் கணினியிலேயே குவித்திருப்பவர் யோசித்து நுழைவது நல்லது. மேக் கணினியோடு வரும் ஆப்பிள் மெயில் எளிமையானது, எம்பாக்ஸாக ஏற்றுமதியும் செய்யும். வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்துவைக்கும் வடிகட்டி விதிகளை நுணுக்கமாக அமைக்க விரும்புபவருக்குப் போதாது.

எந்த நிரலிலிருந்து எதற்கு மாறினாலும், இறக்குமதிக் கருவி கைகொடுக்காதபோது ஒரு சுற்றுவழி பெரும்பாலும் கைகொடுக்கும். பழைய நிரலில் ஐமேப் கணக்கு ஒன்றைச் சேர்த்து, கணினியில் மட்டும் இருக்கும் கோப்புறைகளைச் சில நூறு கடிதங்களாக அதற்குள் இழுத்துப் போட்டால், அவை சர்வருக்கு ஏறிவிடும். புதிய நிரல் அங்கிருந்து இறக்கிக்கொள்ளும். சர்வரின் இட வரம்பை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டர்பேர்டிலிருந்து தண்டர்பேர்டுக்கு என்றால், நிரலை மூடிவிட்டு, கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் சுயவிவரக் கோப்புறையை முழுதாகப் படியெடுத்தாலே போதும். உள்ளமைந்த ஏற்றுமதிக் கட்டளை இருந்தாலும், 2 ஜிபிக்கு மேற்பட்ட சுயவிவரங்களுக்கு அது பொருந்தாது.

வடிகட்டி விதிகள், கையொப்பங்கள், முகவரி ஏடு ஆகியவை கடிதங்களோடு சேர்ந்து ஐமேப் வழியாக வருவதில்லை. முகவரி ஏட்டைத் தனிக் கோப்பாக எடுத்துச் செல்லலாம். விதிகளைப் பெரும்பாலும் கையால்தான் மறுபடி எழுத வேண்டும். கடைசியாக, புதிய உலாவியின் அமைப்புகளில் மின்னஞ்சல் முகவரி மீது சொடுக்கினால் எந்த நிரல் திறக்க வேண்டும் என்பதைக் குறித்துவிட வேண்டும். அதோடு, பழைய அஞ்சல் நிரலைத் தானாக அஞ்சல் சரிபார்க்காதபடி அணைத்துவைத்து, பழைய கோப்புறைகள் ஒவ்வொன்றிலும் கடிதங்களின் எண்ணிக்கை புதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அதை நீக்கலாம்.