பிரமிப்பா, மலைப்பா?

வானியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரே பத்தியில் 'வொண்டர்', 'அமேஸ்மென்ட்', 'ஆ' மூன்றும் வரிசையாக வந்து நின்றன. கடைசிச் சொல்லின் எழுத்துகள் ஏ, டபிள்யூ, ஈ. வாயைப் பிளந்து நாம் போடும் 'ஆ'வுக்குப் பக்கத்து ஒலிதான், உறவு மட்டும் கிடையாது. மூன்றுக்கும் 'வியப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை.

வொண்டரில் சிக்கல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'வுண்டோர்', ஜெர்மனில் இன்றும் 'வுண்டர்'. அதற்கு முந்தைய வேர் பிடிபடவில்லை. 'ஐ வொண்டர்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. 'வியப்பு' போதும்.

கட்டுரையில் வராவிட்டாலும் 'மார்வெல்' பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. இலத்தீனின் 'மிராரி', அதாவது வியந்து நோக்குதல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கண்ணாடியைக் குறிக்கும் மிரர், அற்புதமாகிய மிராக்கிள், கானலாகிய மிராஜ், மெச்சுவதாகிய அட்மயர் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். சொல்லாய்வாளர்கள் இன்னும் பின்னால் போய், புன்னகையைக் குறிக்கும் சமஸ்கிருத 'ஸ்மி'யோடு இதைச் சேர்க்கிறார்கள். நாம் அறிந்த 'விஸ்மயம்' அதிலிருந்து பிறந்ததுதான். ஆக மார்வெல் சிரித்த முகத்தோடு வருகிற வியப்பு. "பெரியோரை வியத்தலும் இலமே" என்ற புறநானூற்று வரியிலும் 'வியத்தல்' அட்மயர் பக்கம்தான் சாய்கிறது.

'அஸ்டானிஷ்' இடியிலிருந்து வந்தது. இலத்தீனில் 'டோனாரே' என்றால் இடித்தல். நமக்கோ இடி விழுந்தாற்போல் நிற்பது கெட்ட செய்தி கேட்டால்தான்.

உண்மையான போட்டி அமேஸுக்கும் ஆவுக்கும் இடையில். 'அமேஸ்' என்றால் முதலில் மதிமயங்கச் செய்தல். 'மேஸ்' என்ற சொல்லும் சுற்றுவழிப் புதிராவதற்கு முன்பு மயக்கத்தைத்தான் குறித்தது. ஆவோ பழைய நார்ஸ் மொழியின் 'அகி', அதாவது சுத்தமான பயம். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் 33ஆம் சங்கீதத்தில் உலகத்தார் கர்த்தருக்கு முன் 'ஆ'வோடு நிற்கிறார்கள். தமிழ் விவிலியமோ 'அஞ்சியிருப்பதாக' என்கிறது. வியப்பு என்ற பேச்சே இல்லை! இந்த ஒரே சொல்லிலிருந்து கிளைத்த 'ஆஃபுல்' படுமோசம் என்றாகிவிட்டது, 'ஆசம்' பரோட்டாவுக்குக் கிடைக்கும் பாராட்டாகிவிட்டது. பயம் இரண்டிலிருந்தும் கழன்றுவிட்டது.

ஆவுக்கு நாம் வழக்கமாகப் போடுவது 'பிரமிப்பு'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரமிப்பும் பிரமையும் ஒரே வேர், அறிவு தடுமாறுவது. அது அமேஸுக்குச் சேர வேண்டியது. தொல்காப்பியத்தின் 'மருட்கை'யும் அப்படியே. மருள் என்றாலே மயக்கம். உள்ளத்து உணர்வு உடலில் தெரிவதாகிய மெய்ப்பாடுகள் எட்டில் மருட்கைக்கு அடுத்ததாக அச்சத்தைத் தனியாக வைத்திருக்கிறார் தொல்காப்பியர். ஆ என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வரப்பில் நிற்கிற சொல்.

என் ஓட்டு 'மலைப்பு'க்கு. "இவ்வளவு வேலையா என்று மலைத்துப் போனேன்" என்கிறோமே, அதில் எதிரே இருப்பது பெரிது, நான் சிறியவன், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது என்ற மூன்றும் உண்டு. வீட்டு வேலைக்கும் வீட்டுக்கடனுக்கும் பயன்பட்டுத் தேய்ந்த சொல் என்பதுதான் குறை. ஆசம் அதைவிடத் தேய்ந்தது.

'விண்மீன் திரள்களின் எண்ணிக்கை கேட்டு மலைப்பு மேலிட்டது' என்று எழுதி அனுப்பினேன். அச்சில் 'பிரமிப்பு' என்று வந்தது.