கரிசல் வீட்டு விரிசல்: பூசுவதா, தண்ணீரைக் கட்டுவதா, அடியில் தோண்டுவதா?

கோவில்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, அதன் மேல் நிற்கும் வீடு ஏன் விரிசல் விடுகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லனைட் என்னும் களிமண் தாது தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு முழுக்க ஒரே அளவில் ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் இறங்குவதுதான் வம்பு.

எங்கள் வீட்டில் தென்மேற்கு மூலையில், ஜன்னல் முனையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல். மேலே அகலம், கீழே குறுகல். முதலில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம்: விரிசலைக் கொத்தி, கோழிவலை அடித்துப் பூசினோம். செலவு குறைவு, இரண்டு நாள் வேலை. அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப வந்தது. மறுபடி பூசினோம், மறுபடி வந்தது. பூச்சு மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். அசைவு நின்றுபோன விரிசலுக்கு அதுவே போதும். நின்றதா இல்லையா என்று பார்க்காமல் பூசியதுதான் எங்கள் தவறு.

பார்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனைகளையும் சிமென்ட்டால் ஒட்டித் தேதியை எழுதி வைக்க வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கூடவே மாதம் ஒருமுறை விரிசலின் அகலத்தையும் அளந்து வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறுகி வைகாசியில் விரிந்தால் அது மண்ணின் மூச்சு. மழை, வெயில் எதையும் பார்க்காமல் விரிந்துகொண்டே போனால் அஸ்திவாரம் உண்மையிலேயே இறங்குகிறது என்று பொருள். எந்த வழி சரி என்பது இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எங்களுடையது முதல் வகை. வடக்கே குளியலறைத் தண்ணீரில் நாலு வாழை. தென்மேற்கில் ஒரு பெரிய வேம்பு. ஒரு பக்கம் ஆண்டு முழுக்க ஈரம், மறுபக்கம் இருக்கிற ஈரத்தையும் வேர் உறிஞ்சிவிடுகிறது. இதற்கு மருந்து தண்ணீரைக் கட்டுப்படுத்துவது. வீட்டைச் சுற்றி மேலாக உள்ள கரிசலை எடுத்துவிட்டுச் சரளை போட்டு இறுக்கி, ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டு வெளிப்பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும். கழிவுநீரைக் குழாயில் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். தளமும் சுவரும் சேரும் இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்தால் பிளந்துகொள்ளும். வளைந்துகொடுக்கும் சீலன்ட்தான் அங்கே சரி. மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. வேர் காயவைத்திருந்த மண் திரும்ப ஈரம் ஏறி உப்பினால், இறங்கிய மூலை இப்போது எழும்பும். கிளைகளைக் கழித்து மரத்தின் தாகத்தைக் குறைப்பது நிதானமான வழி.

அண்டர்பின்னிங், அதாவது அஸ்திவாரத்தை அடியில் தோண்டி ஆழப்படுத்துவது, இரண்டாம் வகைக்கானது. மூடிய பழைய கிணற்றின் மேலோ, செப்டிக் டேங்க் கசியும் இடத்திலோ ஒரு மூலை நின்றால் பெரும்பாலும் இந்த வழிக்குத்தான் போக வேண்டியிருக்கும். பழைய அஸ்திவாரத்தின் அடியில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கான்கிரீட் போட்டு உறுதியான மண் வரை இறக்குவார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அடுத்தடுத்த குழிகளை ஒரே நேரத்தில் திறக்க விட்டால் சுவர் அந்தரத்தில் நிற்கும். பொறியாளர் இல்லாமல் தொடவே வேண்டாம். கரிசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மூலையை மட்டும் ஆழத்தில் ஊன்றிவிட்டால் மீதி வீடு பழையபடி ஏறி இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் புது விரிசல் விழும்.

சிமென்ட் குழம்பை அழுத்தி மண்ணுக்குள் செலுத்தும் கிரவுட்டிங்கைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். மணலில் அது இடுக்குகளுக்குள் இறங்கும், களிமண்ணுக்குள் ஊடுருவாது. சென்னையில் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துகிறார்களே என்றால், அது பெரும்பாலும் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப் போனதற்கான வைத்தியம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்குக் கதையே வேறு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அண்டர்ரீம்டு பைல், கரிசலுக்கென்றே வந்தது. அடியில் குமிழ்போல் அகன்ற தூண். குமிழின் விட்டம் தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில் ஊன்றும். மேலே வரும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே சுமார் 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள், மண் உப்பினாலும் பீமைத் தள்ளாதபடி. கட்டி முடித்த வீட்டுக்கு அடியில் இதைக் கொண்டுவருவது பெரும்பாடு.

நாங்கள் தளம் போட்டு, குளியலறைத் தண்ணீரைத் திருப்பி, வாழையைத் தோட்டத்துக் கோடிக்கு மாற்றினோம். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். போன ஐப்பசியில் ஒட்டிய கண்ணாடி இந்த வைகாசியைத் தாண்டி நிற்கிறது. இன்னொரு கோடையும் பார்த்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிடுவதாக இருக்கிறோம்.