பந்தயக் காருக்கு பிளைவுட் சட்டமா, எஃகுக் குழாய்ச் சட்டமா?
மரத்தில் பந்தயக் காரா என்று தயங்க வேண்டாம். ஃபிராங்க் காஸ்டின், மஸ்கிட்டோ என்ற மர விமானத்தைக் கட்டிய டி ஹாவிலாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1959-ல் அவரும் ஜெம் மார்ஷும் தொடங்கிய மார்கோஸ் கார் நிறுவனத்தின் ஆரம்பக் கார்களில் அடிச்சட்டம் பிளைவுட்தான்.

குழாய்ச் சட்டத்தில் பாரமெல்லாம் வெல்டிங் முனைகளில் போய்ச் சேரும். மேல்தகடு பெரும்பாலும் வெறும் மூடிதான். பிளைவுட்டைப் பெட்டி பெட்டியாக ஒட்டினால் பலகை முழுவதும் பாரத்தைத் தாங்கும். அடுக்குக்கு அடுக்கு இழை குறுக்காக ஓடுவதால் சட்டம் லேசில் முறுக்கிக்கொள்ளாது. எடையும் குறைவு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: வெல்டிங் சூட்டில் சட்டம் கோணிக்கொள்ளும் தலைவலியே கிடையாது.

சரி, சிக்கல் எங்கே? சஸ்பென்ஷன் (சக்கரங்களைச் சட்டத்தோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) போல்ட்டை நேரே பலகையில் முடுக்கினால் துளை நசுங்கித் தளர்ந்துவிடும். அங்கே உலோகத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பியாக வேண்டும். அப்புறம் ஈரம். வெட்டிய ஓரங்களைச் சரியாகப் பூசி அடைக்காவிட்டால் உள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியாது. குழாயில் துரு பெரும்பாலும் கண்ணில் படும். வளைந்த துண்டை வெட்டிவிட்டு வேறு வைக்கலாம்.

மார்கோஸே 1969-ல் எஃகுக்கு மாறியது. ஆனாலும் பொறுமையாக ஒரே ஒரு கார் கட்டுபவருக்கு நான் பிளைவுட்டைத்தான் சொல்வேன்.