கடலூர் சாலை நர்சரியின் மிளகாய் நாற்று: ஒரு மதிப்புரை

புதுச்சேரியின் தவளக்குப்பத்தை ஒட்டிக் கடலூர் சாலையில் இருக்கும் நர்சரி ஒன்றில், பொங்கல் முடிந்த கையோடு மிளகாய் நாற்றுகளை வாங்கி, மொட்டை மாடியில் பைகளில் நட்டு, பழம் பறிக்கும் வரை வளர்த்துப் பார்த்த பின் இதை எழுதுகிறேன்.

நாற்றின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. குழித்தட்டிலிருந்து உருவிப் பார்த்தால், தென்னை நார்க்கழிவு உதிராதபடி வெள்ளை வேர்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. தண்டு குட்டையாகவும் திடமாகவும் இருக்கிறது. கேட்டால் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் காட்டுகிறார்கள். இலைப்பேனும் வெள்ளை ஈயும் ஒளிந்து வருவது அங்கேதான் என்பதால், இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தக் கடையைப் பிறருக்குச் சொல்லலாம். சம்பா, முண்டு, காந்தாரி மூன்றும் கிடைக்கின்றன. முண்டுத் தட்டின் மேல் ‘புவிசார் குறியீடு பெற்றது’ என்று எழுதி வைத்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023இல் அந்தக் குறியீடு கிடைத்தது இராமநாதபுரத்தில் விளையும் முண்டு மிளகாய்க்கே தவிர, புதுச்சேரி மாடியில் விளைவதற்கு அல்ல. கடலூர் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். 1 ரகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இங்கே கிடைக்காதது எனக்கு வருத்தம்தான்.

அவர்கள் மூட்டையாக விற்கும் மண்கலவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்மண் மிகுந்திருப்பதால் சில நாள் தண்ணீர் ஊற்றியதும் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. அதில் உள்ள நார்க்கழிவும் சரியாக அலசப்படாததால் உப்பு தங்கியிருக்கிறது. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும் வீடுகளில், உப்பைத் தாங்காத மிளகாய்ச் செடியின் இலை ஓரம் கருகுவதற்கு இந்த இரண்டும் சேர்ந்தாலே போதும்.

அறிவுரை விஷயத்தில்தான் கடை சறுக்குகிறது. இலை சுருண்டால் வேப்பெண்ணெய் அடியுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் அது இலைப்பேனின் வேலை, அதற்கு வேப்பெண்ணெய் ஓரளவு உதவும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் அது சிலந்திப்பேன், அதற்கு நனையும் கந்தகமே (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) ஏற்றது. இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் இலை வெந்துவிடும் என்ற எச்சரிக்கையையாவது அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

காய் சிவக்கவில்லை என்று போனால், வளர்ச்சி ஊக்கி என்று ஒரு சிறு புட்டியைக் கையில் கொடுக்கிறார்கள். அல்லது பறித்த காயை வாழைப்பழத்தோடு டப்பாவில் மூடி வைக்கச் சொல்கிறார்கள். வாழையைப் போலவோ தக்காளியைப் போலவோ பறித்த பின் தானே பழுக்கும் இயல்பு மிளகாய்க்கு மிகக் குறைவு என்பதால் இரண்டுமே வீண் செலவு. காய் முழு அளவை எட்டிய பிறகும் சிவக்கச் சில வாரங்கள் ஆகும். பச்சையம் சிதைந்து சிவப்பு நிறமிகள் உருவாகும் அந்தக் காலத்தில் முதலில் தோள்பகுதி கருத்து, பிறகு பழுப்பு ஓடி, அதன் பின்னரே நிறம் ஏறும். அப்படிப் பழுப்பு ஓடிய காயைப் பறித்து வெதுவெதுப்பான அறையில் வைத்தால் மீதியும் சிவந்துவிடும். வெறும் பச்சையாகப் பறித்ததோ சுருங்கிப்போகும். எல்லாக் காயையும் பழுக்க விட்டால் செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், முதல் ஈட்டைப் பச்சையாகவே சாம்பாருக்குப் பறித்துவிட்டு, அடுத்த ஈட்டைப் பழுக்க விடுவது நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் பூ கொட்டுவதற்கும் மருந்து கேட்க வேண்டியதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய்ப் பூ உதிர்வது இயல்பு, நிழல்வலை கட்டினால் ஓரளவு தணியும்.

எப்போதாவது வரும், மிகக் காரமான நாகா மிளகாய் நாற்றுக்கு 60 ரூபாய் கேட்கிறார்கள். காய்க்க நீண்ட காலம் எடுத்து, நம் வெயிலில் பிஞ்சைத் தக்கவைக்கத் திணறும் அந்தச் செடிக்கு அது அதிகம். 20 ரூபாய்க் காந்தாரியே போதுமான காரம் தருகிறது.

புதுத் தட்டுகள் செவ்வாய்க்கிழமை வருகின்றன, மாலைக்குள் நல்ல நாற்றெல்லாம் தீர்ந்துவிடும். சில்லறை கொண்டு போவது உத்தமம்.