புது டேப்லெட்டில் வைஃபை ஏறவில்லை: ரிப்பீட்டரா, சிம்மா, கேபிளா?

வீட்டில் எல்லா போனும் ஓடுகிறது. புதிதாக வாங்கிய டேப்லெட் மட்டும் வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது. கடைக்காரரைக் கேட்டால், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார். நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார். ஆபீஸ் நண்பர்கள் சிம் போடுகிற மாடலாக வாங்கியிருக்கலாமே என்பார்கள். எல்லாரையும் கேட்டுவிட்டு நான் செய்தது வேறு. கீழே இருக்கிற ரூட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் பரணில் கிடந்த பழைய ரூட்டரை மாட்டினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை 2.4 கிகாஹெர்ட்ஸில் (5 கிகாஹெர்ட்ஸைவிடத் தூரம் எட்டும் வைஃபை அலைவரிசை) வைத்து, டேப்லெட்டை அதில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் சேரவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதான். சேர்ந்துவிட்டால் சிக்கல் ரூட்டர் பக்கம்.

ரூட்டர் செட்டிங்கை மாற்றுவது காசில்லாத வழி. பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். வைஃபை பெயரே டேப்லெட்டில் தெரியவில்லையா? விலை குறைந்த டேப்லெட் பலவற்றில் 2.4 மட்டும்தான் உண்டு, 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. 5 இருந்தாலும், ரூட்டர் 52 அல்லது அதற்கு மேற்பட்ட சேனலில் (அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த பாதை) நின்றால் சில டேப்லெட்கள் அதைப் பார்ப்பதில்லை; 36 முதல் 48க்குள் வைத்தால் தெரியும். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த டேப்லெட் என்றால் 2.4இல் 12, 13ஆம் சேனல்களை அது கவனிக்காமல் விடலாம். 1, 6, 11இல் ஏதாவது ஒன்றில் வையுங்கள்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். அதில் புதியதான டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். அதையும் 2004இல் வந்த டபிள்யூபிஏ2வையும் கலந்து வைத்திருக்கும் ரூட்டரில் சில டேப்லெட்கள் தடுமாறும். வெறும் டபிள்யூபிஏ2வுக்கு மாற்றினால் சேர்ந்துவிடும். மேக் ஃபில்டர் (பட்டியலில் எண் சேர்த்த கருவிகளை மட்டும் ரூட்டர் உள்ளே விடும் ஏற்பாடு) போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு: ஆண்ட்ராய்ட் 10, ஐபேட்ஓஎஸ் 14 முதல் டேப்லெட்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. நீங்கள் பெட்டியைப் பார்த்து எழுதிச் சேர்த்த எண் பயன்படாது. சேர்ந்தும் இன்டர்நெட் வரவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த டேப்லெட் பழைய வருஷத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் பல தளங்கள் திறக்காது.

எங்கள் வீட்டில் இதெல்லாம் செய்ததும் டேப்லெட் கீழே ஹாலில் சேர்ந்தது. மாடியில் சேரவில்லை. பெங்களூரு அல்சூரில் இருபதுக்கு முப்பது அடி சைட்டில் கட்டிய வீடு. அகலத்துக்கு வழியில்லாததால் உயரமாகப் போனது. ஃபைபர் போட வந்த பையன் கீழே டிவிக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். டேப்லெட் வாங்கியது இரண்டாவது மாடியில் இருக்கும் அத்தைக்கு. நடுவில் கம்பி கட்டிய இரண்டு கான்கிரீட் தளம். அங்கே 5 எட்டவே இல்லை. 2.4 எட்டியது, ஒரு கோடு அளவில். அதோடு அந்தத் தெருவில் மாடியில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்துப் பெயர்கள் திரை நிறைய வரும். 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் மூன்றுதான், அத்தனை வீடும் அதற்குள் நெரிகிறது. ஆக, செட்டிங் சரியானாலும் தூரம் சரியாக வேண்டும்.

ரிப்பீட்டர் விலை குறைவு, பிளக்கில் சொருகினால் போதும். ஆனால் அதை வைக்க வேண்டியது சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், அதாவது ரூட்டருக்கும் டேப்லெட்டுக்கும் பாதி வழியில். எங்கள் வீட்டில் அந்தப் பாதி வழி மாடிப்படி; அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரகமென்றால் வேகமும் ஏறக்குறைய பாதியாகும். அத்தை பார்ப்பது யூடியூபும் பேத்தியின் வீடியோ காலும்தான் என்பதால் வேகம் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

சிம் மாடல் தலைவலி இல்லாதது. ஆனால் 2025இல் வந்த ஏ16 ஐபேடை எடுத்துக்கொண்டால், அது வந்தபோது வைஃபை மட்டும் உள்ளது 34,900 ரூபாய், சிம் உள்ளது 49,900. அந்த 15,000க்கு மேல் மாதா மாதம் ரீசார்ஜ் வேறு. போன் சிக்னலில் இருக்கும் டேப்லெட், வீட்டு டிவியையும் பிரின்டரையும் கண்டுபிடிக்காது. பி.ஜி.யில் இருப்பவர்கள், அடிக்கடி வீடு மாற்றுகிறவர்கள் தாராளமாக இதை வாங்கலாம். மெஷ் பெட்டிகளை (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுபவை) அண்ணன் வீட்டில் பார்த்ததோடு சரி. அங்கே ஒரே தளம் என்பதால் அருமையாக ஓடுகிறது. கேபிள் இல்லாமல் வைத்தால் அதுவும் இதே கான்கிரீட்டைத் துளைத்துத்தான் ஆகவேண்டும்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம். வேகமும் விலையும் இரண்டாம் பட்சம். கரண்ட் போய் வந்த பிறகு யார் மாடி ஏறுவது என்பதுதான் கேள்வி. கோடை மழைக்கு முன் ஒரு காற்று அடித்தாலே எங்கள் தெருவில் கரண்ட் போகும். ஃபைபர் பெட்டி முழுசாக எழுந்து நிற்கச் சில நிமிஷம் பிடிக்கும், ரிப்பீட்டர் அதற்கு முன்பே எழுந்துவிடும். சிலது அப்புறம் தானே பிடித்துக்கொள்ளும். சிலது பிடிக்காமல் தன் பெயரை மட்டும் ஒளிபரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டேப்லெட்டும் அந்தப் பெயரை நம்பி ஒட்டிக்கொள்ளும். முன்பு ஒரு ரிப்பீட்டரை இரவல் வாங்கி ஓட்டியபோது மத்தியானம் ஆபீஸுக்கு அத்தையிடமிருந்து போன் வரும்: "டேய், லைட்டெல்லாம் எரியுதுடா, பாட்டுதான் வரல." முட்டிவலியோடு இருப்பவரைப் படியில் இறங்கி ஒன்றை அணைத்து, காத்திருந்து, மறுபடி போடச் சொல்ல முடியுமா?

கேபிள் முனையில் இருக்கும் ரூட்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கீழ்ப்பெட்டி முன்னால் எழுந்தாலும் சரி, பின்னால் எழுந்தாலும் சரி, ஒயர் ஒயர்தான்.

அதைவிட முக்கியம், நெட்காரர் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போகும் நாள். புதுப் பெட்டி, புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட். ரிப்பீட்டர் வைத்திருந்தால் அதை முதலிலிருந்து மறுபடி செட் பண்ண வேண்டும். மாடி ரூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் நம்முடையவை, டபிள்யூபிஏ2வும் சேனலும் டேப்லெட்டுக்கு ஒத்துப்போகும்படி நாம் வைத்தவை. கீழே என்ன மாறினாலும் கேபிளைச் சொருகினால் போதும். புதுப் பெட்டி 192.168.1க்குப் பதில் 192.168.0 வரிசையில் ஐபி எண் (ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் தரும் முகவரி) கொடுத்தாலும் டேப்லெட்டுக்கு நெட் வரும். மாடி ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறப்பதுதான் சிரமமாகும். கீழ்வீட்டுப் பெயரையே மாடிக்கும் வைக்கலாம் என்பார்கள். நான் வேண்டுமென்றே வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

செய்வது கடினமில்லை. பழைய ரூட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும் நிலை) இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி எண் பங்கிடும் வேலை) அணைத்து, கீழ் ரூட்டர் யாருக்கும் பங்கிடாத ஓர் ஐபி எண்ணைக் கொடுத்து, கேபிளை வேன் (WAN) துளையில் சொருகாமல் லேன் (LAN) துளையில் சொருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு எண் கொடுக்கும், கீழே ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடலாம்.

கேபிளை பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். கேட் 6 என்ற ரகம்; அளவு சொன்னால் முனை கிரிம்ப் செய்தே (பிளக் தலை மாட்டியே) தருவார்கள். ஒரு முனையை மட்டும் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், மறுமுனைக்குக் கேபிளை இழுத்த பிறகு தலை மாட்டிக்கொள்ளலாம். தலை மாட்டிய கேபிள் சுவரிலுள்ள குறுகிய பைப்பில் நுழையாது. வெளிச்சுவரில் போவதென்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு ரகமே வேண்டும், சாதாரண ரகம் வெயிலில் விரிசல் விட்டுவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் விடாதீர்கள். எங்களுக்குப் பழைய கேபிள் டிவி ஒயர் போன வழி கிடைத்தது. நூறு மீட்டர் வரை கேட் 6க்குக் கவலையில்லை.

குறை இல்லாமல் இல்லை. பழைய ரூட்டரின் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். ரொம்பப் பழையது என்றால் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றிருக்கும், அதற்குப் புதிதாக ஒன்று வாங்குவதே மேல். கரண்ட் இல்லாதபோதும் ஓடவேண்டுமென்றால் இரண்டு பெட்டிக்கும் மினி யூபிஎஸ் வேண்டும்; வாங்கும் முன் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் துளை போடும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜன்னல் இடுக்கில் நுழையும் தட்டையான லேன் கேபிளும் கிடைக்கிறது.